பிடிமண் சுமந்து வந்த உழவர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



"நம் முன்னோர்" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் எம்மைப் பணித்தனர். யாரைப் பற்றிப் பேசப்போகின்றோம் என்று அறிந்ததும், நாம் பெரிதும் மதிக்கும் பெரியவர் ஒருவர் எம்மைத் தனியே அழைத்து, "தம்பி, இராசராசனைப் பற்றிப் பேசு. கடாரம் கொண்ட கதையைப் பேசு. றோட்டிலே நடந்து வந்த கதையெல்லாம் மேடையில் எதற்கு?" என்றார். எம்மீதுள்ள அன்பினாலேயே அவர் அவ்வாறு சொன்னார். இராசராசன் பெருமை பேசத் தக்கதே. ஆயினும் இராசராசன் எங்கள் வீட்டார் அல்லர். எங்கள் வீட்டார் நடந்து வந்தவர்கள். அவர்கள் நடந்த பாதை இந்த நாலந்தாவின் ஊடாகவே செல்கிறது. இம்மண்டபத்தின் வாயிலில் நின்றால் பஸ் வண்டிகளின் இரைச்சலாக அது நம் காதில் விழுகிறது. ஆகவே அப்பெரியவரின் மன்னிப்பை முன்கூட்டியே வேண்டிக்கொண்டு தொடங்குகின்றோம்.

முதலில் எங்கள் குற்றம் ஒன்றைச் சொல்லிவிடுவது நலம். நாம் பயின்றது ஒரு மிஷன் பாடசாலையில். ஆறாம் வகுப்பிலே, "எங்கள் குடும்பம்" என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். "எங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்த துணி வர்த்தகர்" என்று எழுதினோம். பத்துக்கு எட்டுப் புள்ளி கிடைத்தது. பிறகு பார்த்தால், அடுத்த வாங்கில் இருந்த நண்பனும் துணி வர்த்தகர் என்றே எழுதியிருந்தான். அவனுக்கு அடுத்தவனும் அவ்வாறே. அவ்வளவு துணியையும் இந்த மலைநாட்டில் உடுத்தியவர் யாரோ! பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் மூவர், ஒருவரோடொருவர் கலந்து பேசாமலே ஒரே பொய்யைச் சொன்னோம் என்றால், அந்தப் பொய் எங்கள் சொந்தக் கற்பனை அன்று. வீட்டிலும் வீதியிலும் கேட்ட ஏதோ ஒன்று அதை எங்களுக்குக் கற்பித்திருந்தது. "தோட்டக்காட்டான்" என்ற சொல்லைச் செவியில் வாங்காமல் வளர்ந்தவர் இச்சபையில் எத்தனை பேர்?

அப்பாடசாலையை அடுத்து ஒரு பழைய தேவாலயம் உண்டு. அதன் சுவர்களில் சலவைக்கல் பலகைகள் பதித்திருக்கின்றன. காய்ச்சலால் இறந்த துரை, பிரசவத்தில் இறந்த துரைசானி, நான்கு மாதமே வாழ்ந்த குழந்தை என்று ஒவ்வொருவர் பெயரும், பிறந்த தேதியும் இறந்த தேதியும், ஒரு வேதவாக்கியமும் வெட்டப்பட்டிருக்கும். நாம் ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படித்தது அப்பலகைகளைப் பார்த்தேயாகும். அவற்றின்மீது எமக்கு வெறுப்பில்லை. நான்கு மாதக் குழந்தையின் மரணம் எவர் வீட்டிலும் துக்கமே. ஆனால் ஒருநாள் வீட்டுக்கு வந்து எங்கள் அப்பாயியிடம், "நம்முடைய ஆட்களின் பெயரை எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டோம். அவர் சற்றுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "நாலந்தாவில் ஒருத்தர் கிடக்கிறார். பேர் தெரியாது," என்றார். அன்று அறிந்ததையும், பின்னர் பேராதனையில் நூல்களைப் புரட்டி அறிந்ததையும் சேர்த்தே இன்று சொல்லுகின்றோம்.

அந்த ஒருத்தர் ஓர் உழவர். இதை அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். "கூலி" என்பது உழைப்புக்குக் கிடைக்கும் பயனைக் குறிக்கும் நல்ல தமிழ்ச்சொல். வள்ளுவரே முயற்சியின் பயனுக்கு அச்சொல்லை வழங்கியிருக்கிறார். அதை ஆங்கிலேயர் எடுத்து, உழைப்பவனுக்கே பெயராகச் சூட்டிவிட்டனர். கப்பற் கணக்கிலும் தோட்டக் கணக்கிலும் அவன் அந்நாள் முதல் அவ்வாறே எழுதப்பட்டான். ஆனால் இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலி, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து புறப்பட்டவர்களிற் பெரும்பாலோர் கழனியில் நின்றவர்கள். வாரத்துக்கு உழுதவர்கள், பண்ணையில் கட்டுண்டு உழுதவர்கள், சிறுதுண்டு புஞ்சை சொந்தமாக வைத்திருந்தவர்கள் எல்லோரும் அவர்களுள் இருந்தார்கள். கோப்பிக் காலத்தில் வந்தவர்களிற் பலர் இங்கே குடியிருக்க வந்தவர்களும் அல்லர். ஊரில் வயல்வேலை ஓய்ந்திருக்கும் மாதங்களில் கோப்பிப் பழம் பறிக்க வந்து, பின் ஊருக்குத் திரும்பினார்கள். ஒருகால் இங்கும் ஒருகால் அங்குமாக நின்ற உழவர்கள் அவர்கள். தேயிலை வந்த பின்னரே, ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டியிருந்தமையால், குடும்பம் குடும்பமாக லயங்களில் நிலைத்தனர்.

எங்கள் குடும்பத்துப் பெரியவர் சிவகங்கைச் சீமையைச் சேர்ந்தவர். கண்மாய்ப் பாசனத்தில் வாரத்துக்கு நிலம் உழுதவர். தம்பி ஒருவர் உண்டு. அத்தம்பியின் வழியில் வந்தவர்களே நாங்கள். அப்பாயிக்கு இதைச் சொன்னவர் அவருடைய மாமியார். அவருக்குச் சொன்னவர் அவருடைய மாமியார். எங்கள் வீட்டுச் சரித்திரத்தை இந்த வீட்டிற் பிறந்த ஆண்கள் எவரும் காப்பாற்றவில்லை; வேறு வீட்டிலிருந்து வாழ வந்த மருமக்களே காப்பாற்றினார்கள். பெரியவரைப் பற்றி அவர்கள் சொல்லிவந்தது இவ்வளவே: ஆண்டுதோறும் மாரியம்மன் திருவிழாவுக்கு முதற் காப்பு அவர் கையிலேதான் கட்டுவார்கள். அக்கினிச்சட்டி எடுப்பார். அறுவடையில் முதற்கதிரை அம்மன் வாசலில் சார்த்தாமல் களத்துக்குக் கொண்டுபோக மாட்டார். விளக்கு வைக்குமுன் சோறு உண்ண மாட்டார். படிப்பு இல்லை, தேவாரம் தெரியாது. தெய்வம் என்று அவர் அறிந்தது மழையையும் அம்மையையும் தந்த ஒருத்தியையேயாம்.

இந்நிலையில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அப்பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். கண்மாய் வெடித்தது. எங்கள் வீட்டில் விதைநெல்லை அவித்தார்கள். உழவன் வீட்டில் விதைநெல் அவிகிறது என்றால் அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்பது பெரியோர்களுக்குத் தெரியும். அதே சீமையிலே, இளையான்குடியில், மாறனார் என்னும் அடியார் விதைத்த நெல்லை மழையிரவில் வாரிக்கொண்டு வந்து சிவனடியாருக்கு அமுது படைத்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அறுபத்துமூவருள் ஒருவராக அவர் திருவுருவம் கோயில்தோறும் நிற்கிறது. எங்கள் பெரியவர் வீட்டில் விதைநெல்லை உண்டவர்கள் குழந்தைகள். அக்குழந்தைகளுள் ஒன்றும் பிழைக்கவில்லை.

அதன்பின் கங்காணி வந்தார். அவரும் அயலூர்க்காரரே, உறவுமுறை சொல்லி அழைக்கத் தக்கவரே. கங்காணிமாரை எல்லாம் கொடியவர் என்று ஒரே வார்த்தையில் தீர்த்துவிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. அவர்களுள்ளும் பலவகையினர் இருந்தனர். ஆனால் முன்பணம் என்று அவர் கொடுத்தது ஆளைக் கடனாளியாக்கியே கடல் கடத்தியது. அக்கடன் தோட்டத்துக்குத் தோட்டம் "துண்டு" என்ற காகிதத்தில் ஏறி அவனைத் தொடர்ந்தது. அத்துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது 1921ஆம் ஆண்டிலேதான்.

புறப்படும் நாளன்று பெரியவர் அம்மன் கோயில் வாசலில் ஒரு கைப்பிடி மண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, இடுப்பில் கட்டிக்கொண்டார். பிடிமண் என்று இதைச் சொல்லுவார்கள். தெய்வத்தை ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்கு அழைத்துப்போக வேண்டுமானால், அவ்விடத்து மண்ணை எடுத்துப்போய் புதிய இடத்தில் இட்டு, அதன்மேல் கல் நாட்டுவது நம்மவர் மரபு. மூத்தவர் எடுப்பதே முறை. ஆகவே அண்ணன் எடுத்தார். முன்பணம் வாங்கியவனிடம் வேறென்ன சொத்து இருக்கும்? ஒரு கம்பளி, ஒரு மண்சட்டி, இந்த முடிச்சு. இவற்றுடன் அண்ணனும் தம்பியும், தம்பி மனைவியும் கடற்கரைக்கு நடந்தனர்.

கடலைத் தாண்டுவது பெரிதன்று. தாண்டியபின் உள்ளதே பெரிது. மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக, ஏறக்குறைய 150 மைல் தூரம், காட்டுப் பாதையில் மாத்தளைக்கு நடக்கவேண்டும். இதனையே வடக்குப் பாதை என்றனர். வழியில் நீர் அரிது. கிடைத்த நீரும் குளத்து நீர். வாந்திபேதி, வயிற்றுளைவு, வைசூரி, காட்டுக் காய்ச்சல் ஆகிய நான்கும் அப்பாதையில் நிரந்தரக் குடிகள். அரசினர் காலப்போக்கில் தங்குமடங்களும் கிணறுகளும் வைத்தியசாலைகளும் அமைத்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அவை அமையுமுன் நடந்தவர்கள் எத்தனை பேர், அமைந்த பின்னும் அவற்றைச் சேராமலே வீழ்ந்தவர்கள் எத்தனை பேர்! 1841 முதல் 1848 வரை வந்த 272,000 பேரில் ஏறக்குறைய 70,000 பேர், அஃதாவது காற்பங்கினர், மாண்டிருக்கலாம் என்று 1849இல் "கொழும்பு ஒப்சேவர்" பத்திரிகை மதிப்பிட்டது. இம்மதிப்பை எல்லோரும் ஒப்பவில்லை. வந்தவர் தொகையும் திரும்பியவர் தொகையும் செவ்வையாக எழுதப்படாமையால் இதனை முடிந்த முடிபாகக் கொள்ள இயலாது. கோப்பித் தொழிலாளர் பட்ட பாட்டைப் பற்றி டொனவன் மோல்ட்ரிச் 1989இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த வாலிபர்கள் அதனைத் தேடிப் படிக்கவேண்டும். எமக்கு அந்நூலைப் படித்து முடிக்க மூன்று வாரம் சென்றது. பக்கங்கள் அதிகம் என்பதனால் அன்று.

இனி நாலந்தாவுக்கு வருவோம். வடக்கேயிருந்து வருபவனுக்கு வறண்ட சமவெளிக் காடு பின்தங்கி, இங்கேதான் நிலம் மேடாகத் தொடங்குகிறது. காற்று மாறுகிறது, இரவில் குளிர் தட்டுகிறது. மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் ஏறக்குறைய நடுவில் இருப்பதால், இவ்விடத்தை அடைந்தவனுக்கு இன்னும் ஒருநாள் நடை, அல்லது நோயாளியானால் இரண்டு நாள் நடை. பத்துப் பன்னிரண்டு நாள் வெயிலில் நடந்து, குடல் வற்றி வந்தவனை இந்தக் குளிரும் ஏற்றமும் சேர்ந்து வீழ்த்திவிடும். பயணம் முடியப்போகிறது என்ற இடத்திலே முடிந்துபோனவர் பலராயிருக்கவேண்டும்.

எங்கள் பெரியவருக்குத் தம்புள்ளை தாண்டியதும் வயிறு போகத் தொடங்கியது. இங்கே வந்ததும் நடக்க முடியவில்லை. இதன்பின் நடந்ததை அப்பாயி இரண்டு விதமாகச் சொல்லுவார்.

வீட்டிற்கு விருந்தினர் வந்திருக்கும்போது சொல்லுவது ஒன்று. கங்காணி ஒருநாள் காத்திருந்தார். அயலிலிருந்த சிங்களக் கிராமத்துத் தாய் ஒருத்தி கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். பெரியவர் விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டே கண்மூடினார். கிராமத்து ஆண்கள் இருவர் மண்வெட்டி கொண்டுவந்து குழி வெட்ட, தம்பி கொள்ளியில்லாமல் மண் தள்ளி, தலைமாட்டில் ஒரு கல் வைத்துக் குங்குமம் இட்டார்.

நாமும் அவரும் தனித்திருக்கும்போது சொல்லுவது மற்றொன்று. கங்காணி காத்திருக்கவில்லை. தோட்டத்துக்கு நாள் குறித்தாயிற்று. கூட்டத்தில் ஒருவனுக்கு வயிறு போனால் அடுத்தவனுக்கும் போகும். பெரியவரைச் சாலையோரத்து மரத்தடியில் கம்பளியை விரித்துக் கிடத்தி, மண்சட்டியில் தண்ணீர் வைத்து, நெற்றியில் நீறு பூசிவிட்டு, மற்றவர்கள் நடந்தார்கள். தம்பி போக மறுத்தார். பெரியவரே இடுப்பு முடிச்சை அவிழ்த்துத் தம்பி கையில் வைத்து, "இவளை இங்கே என்னோடு கிடக்கவிடாதே, கொண்டு போ," என்றார். தம்பி போனார். அடுத்த ஆண்டு இதே பாதையில் வந்து அந்த மரத்தைத் தேடினார். எல்லா மரமும் ஒன்றுபோலவே இருந்தது.

பெரியோர்களே, இரண்டில் எது உண்மை என்று எம்மால் நிரூபிக்க இயலாது. முதலாவதையே நம்ப விரும்புகின்றோம். ஆனால் நோயுற்றவர்களைச் சாலையோரத்தில் விட்டுச் சென்றமை அக்காலத்தவர் பலரும் எழுதிவைத்த செய்தி. மேலும், விருந்தினர் முன் சொல்லும் கதைக்கும் பேரப்பிள்ளையிடம் தனிமையில் சொல்லும் கதைக்கும் வேறுபாடு இருந்தால், எது அலங்கரிக்கப்பட்டது என்று ஊகிப்பது கடினமன்று. இதனைப் பேசாமலிருக்குமாறு பெரியவர்கள் சொல்லும் காரணமும் எமக்கு இப்பொழுது விளங்குகிறது. கூலியாக வந்தோம் என்ற வெட்கம் மேலே தெரிவது. விட்டுவிட்டு நடந்தோம் என்ற வெட்கம் அதற்கும் கீழே கிடப்பது. விட்டுச் சென்றவர்களின் பிள்ளைகளே நாம்; கிடந்தவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பியைக் குற்றவாளி என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. மனைவி எட்டு மாதக் கர்ப்பிணி, கையில் கடன், முன்னால் காடு. நாம் அவ்விடத்தில் நின்றிருந்தால் என்ன செய்திருப்போம் என்று எண்ணிப்பார்த்தோம். விடை வரவில்லை.

தோட்டத்தை அடைந்தவர்களைப் பற்றிச் சொல்லுமுன், நம்மவர் மேடைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு பெருமையைச் சற்றுத் திருத்திக்கொள்ளவேண்டும். "காட்டை வெட்டி நாட்டை ஆக்கியவர்கள் நாமே" என்கின்றோம். பெருங்காட்டை வெட்டி வீழ்த்தும் ஒப்பந்த வேலையில் சிங்களக் கிராமத்தவரும் பெரும்பங்கு கொண்டனர். வெட்டுண்ட காட்டைச் சுட்டுச் சுத்தம் செய்து, குழி வெட்டி, கன்று நட்டு, களை பிடுங்கி, பழம் பறித்து, நாள்தோறும் அதனோடு கிடந்தவர்களே நம்மவர்கள். 1878 அளவில் இத்தீவில் ஏறக்குறைய 275,000 ஏக்கரில் கோப்பி நின்றது. ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு குழி என்றால், எத்தனை குழி என்று கணக்கில் வல்லவர்கள் போட்டுப் பார்க்கலாம். அதில் ஒரு முழ நிலமும் அவர்களுக்குச் சொந்தமன்று. உழவன் நிலத்தோடு இருந்தான். நிலம் அவனோடு இல்லை.

தம்பி வந்துசேர்ந்து இரண்டு ஆண்டு செல்லுமுன் கோப்பியும் சாகத் தொடங்கிவிட்டது. 1869இல் முதலில் காணப்பட்ட இலைத்துரு நோய் 1880களில் தோட்டங்களை அடியோடு அழித்தது. துரைமார் பலர் கப்பலேறினர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் நட்டுப்பார்த்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. புகையிரதமோ 1880இல் மாத்தளைக்கு வந்தது. மூன்று ஆண்டு பிந்திப் பிறந்திருந்தால் அண்ணனும் புகையிரதத்தில் வந்திருப்பார் என்று அப்பாயி சொல்லுவதுண்டு. அது பிழை, புகையிரதம் கண்டியிலிருந்தே மாத்தளைக்கு வந்தது, வடக்கேயிருந்து அன்று. தலைமன்னாருக்குப் பாதை போட்டது 1914இல். ஆயினும் அப்பாயியை நாம் திருத்துவதில்லை.

லயத்தில் இடம் கிடைத்த அன்றே தம்பி செய்த முதல் வேலை, பெரட்டுக்குப் போகுமுன் ஒரு மரத்தடியில் முடிச்சை அவிழ்த்து மண்ணை இட்டு, ஓடையிலிருந்து ஒரு கல்லைத் தூக்கிவந்து அதன்மேல் வைத்ததேயாம். மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயமும் மரத்தடிச் சிறுவழிபாடாகத் தொடங்கியதே என்பர். இன்று 108 அடி இராசகோபுரமும், மாசிமகத்தில் ஐந்து தேரும் காண்கின்றோம். 1983இல் தீயிட்டு அழித்த பின்னரும் அது எழுந்து நிற்கிறது. எங்கள் தோட்டத்துக் கல் அத்தகைய பெருமை எதையும் அடையவில்லை. ஆனால் முதற்கதிரை அம்மன் வாசலில் சார்த்திய குடும்பம், முதற்கொழுந்தை அக்கல்லின்முன் வைத்தது. கழனி போயிற்று, கதிர் போயிற்று, கண்மாய் போயிற்று. செய்கை மட்டும் மாறவில்லை. மலைநாட்டில் நம்மவர் கொழுந்துக்கு ஒரு சாமியும், கவ்வாத்துக்கு ஒரு சாமியும், தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ரோதைமுனி என்று ஒரு சாமியும் வைத்து வணங்கியதைப் படித்தவர்கள் சிலர் நகைப்பதுண்டு. நாமும் மிஷன் பாடசாலையில் இருந்தபோது நகைத்தோம். மாட்டுக்கும் கலப்பைக்கும் பொங்கலிட்டவன், மாடும் கலப்பையும் இல்லாத இடத்தில் வேறெதற்குப் பொங்கலிடுவான்? சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தோட்டந்தோறும் அலைந்து நம்மவர் பாடல்களைச் சேர்த்துவைத்தார். அவர் செய்ததுபோல இச்சாமிகளின் கதைகளையும் எவரேனும் முழுமையாகத் திரட்டினால் நன்று. நம் சங்கத்து வாலிபர்கள் தொடங்கலாம். தாத்தாமார் இருக்கும்போதே தொடங்கவேண்டும்.

பெயர் எழுதாமற் போனதைப் பற்றி முதலிற் சொன்னோம். சலவைக்கல் இல்லையே என்ற ஏக்கம் மட்டுமானால் அதை விட்டுவிடலாம். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்த ஒருவனும் தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தவர்கள் என்றோ காட்டினாலன்றி வமிசவழிப் பிரசை ஆகமாட்டான் என்று விதித்தது. பிறப்பு இறப்புப் பதிவு கட்டாயமானதோ 1897இல். எங்கள் பூட்டனாரின் தந்தை அதற்குமுன் லயத்தில் பிறந்தவர். அவர் பிறந்ததற்குச் சாட்சி மருத்துவச்சி. மருத்துவச்சிக்குக் கையெழுத்து வராது. பூட்டனார் விண்ணப்பம் எழுதிக்கொண்டு போனார். "உன் அப்பன் பிறந்ததற்குக் காகிதம் எங்கே? உன் ஆட்கள் இந்நாட்டில் இருந்ததற்கு அடையாளம் என்ன?" என்று கேட்டார்கள். "நாலந்தாவில் ஒருத்தர் கிடக்கிறார்," என்று இவர் சொன்னாராம். பெயர் கேட்டார்கள். இவரால் சொல்ல இயலவில்லை.

அதன்பின் 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளை எண்ணிப் பங்கிட்டனர். எஞ்சிய 150,000 பேரைப் பற்றி 1974இல் முடிவு செய்தனர். எங்கள் பாட்டனாரின் தமக்கை குடும்பம் இந்தியப் பக்கத்தில் விழுந்தது. முன்னோர் இறங்கிய அதே மன்னார்க் கரைவழியே கப்பலேறி, நீலகிரியில் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போயிற்று. போகும்போது அத்தை எங்கள் தோட்டத்துக் கல்லடியில் ஒரு பிடி மண் எடுத்து முடிந்துகொண்டு போனார். நிலுவையில் நின்றவர்களுக்குப் பிரசாவுரிமை கிடைத்து இவ்விவகாரம் சட்டப்படி தீர்ந்தது 2003இல். இச்சபையிலுள்ள வாலிபர்கள் பலருக்கு அவ்வாண்டு நினைவிலிராது; சிலர் அவ்வாண்டில் பிறந்தவர்கள்.

நாலந்தாவுக்கு வருபவர்களெல்லாம் இங்குள்ள கெடிகே என்னும் கற்கோயிலைப் பார்க்கப் போகிறார்கள். நாமும் நண்பர்களை அழைத்துப் போவதுண்டு. பல்லவர் பாணியில் அமைந்த தமிழகத்துக் கற்றளிபோலத் தோன்றினும் பௌத்த வழிபாட்டுக்குரியது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது என்பது பலர் கருத்து. மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைத்தபோது நீரில் மூழ்கிவிடாதபடி 1970களில் அதனைக் கல் கல்லாகக் கழற்றி, உயர்ந்த இடத்தில் மறுபடியும் கட்டினார்கள். எவ்வளவு பொறுமையான வேலை! அங்கே நிற்கும்போதெல்லாம் எமக்கு இரண்டு எண்ணம் வருகிறது. கல்லுக்குக்கூட இவ்வளவு அக்கறை காட்டினார்களே என்று மகிழ்ச்சி ஒன்று. மற்றதை நீங்களே அறிவீர்கள்.

ஆடி அமாவாசைதோறும் எங்கள் வீட்டில் பிதிர்க்கடன் செய்கின்றோம். குருக்கள் மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார், சொல்லுவோம். பிறகு அப்பாயி குறுக்கிட்டு, "இன்னும் ஒருத்தர் இருக்கிறார்," என்பார். "பெயர்?" என்று குருக்கள் கேட்பார். "மண் கொண்டு வந்தவர்," என்பார் அப்பாயி. முதல்முறை குருக்கள் தயங்கினாராம். இப்பொழுது அவரே கேளாமல் சொல்லி எள்ளும் நீரும் இறைக்கச் சொல்லுகிறார்.

சென்ற ஆண்டு எங்கள் தோட்டத்துக் கோயிலுக்குத் திருப்பணி நடந்தது. பழைய பீடத்தை உடைத்து, கல்லை அகற்றிப் பாலாலயத்தில் வைத்தார்கள். கீழே இருந்த மண்ணைத் தோண்டி அகற்றிக் கொங்கிறீட் போடவேண்டும் என்றார் மேசன். அப்பாயி அதைக் கேள்விப்பட்டு, தடியை ஊன்றிக்கொண்டு வந்து குழியருகில் நின்றுவிட்டார். பிடிமண்ணைத் தனியே எடுத்துத் தருவதாக வாலிபர்கள் அவரைத் தேற்றினார்கள். தேடிப் பார்த்தோம், நாமும் குழியில் இறங்கினோம். எல்லாம் இந்த மலையின் சிவந்த மண்ணாகவே இருந்தது. எது அந்தக் கைப்பிடி என்று பிரித்தறிய எவராலும் இயலவில்லை. ஆகையால் குழியிலிருந்த மண் முழுவதையும் கொழுந்துச் சாக்குகளில் அள்ளி வைத்திருந்து, புதிய பீடத்தின் கீழே மறுபடியும் கொட்டினோம். பதினொரு சாக்கு ஆயிற்று.